ஹைஸ்கூலில் சி.டி.இ. எடுக்கலாமா, அந்தப் போட்டிகளால் என்ன பயன்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. இருப்பது நியூ ஜெர்சி. மகள் எட்டாம் வகுப்பு, டாக்டராக வேண்டும் என்கிறாள். பள்ளிக் கவுன்சிலர், கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) வோ-டெக் பள்ளியில், அதாவது தொழிற்கல்விப் பள்ளியில், உடல்நல அறிவியல் பிரிவுக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார். இல்லாவிட்டால் ஊர்ப் பள்ளியிலேயே சி.டி.இ. என்னும் தொழிற்கல்விப் பாடங்களை எடுத்துக்கொண்டு, உடல்நலத் துறை மாணவர்களுக்கான ஹோசா அமைப்பின் போட்டிகளுக்குப் போகலாமாம். உங்கள் கணவரோ, "ஐ.டி.ஐ.யில் சேர்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்கிறார். யார் சொல்வது சரி, அந்தப் போட்டிகளால் கல்லூரி அனுமதிக்குப் பயன் உண்டா?

(கவுன்சிலர் என்றால் எனக்கு இன்னும் ஊரில் வார்டு கவுன்சிலர்தான் நினைவுக்கு வருகிறார். அது போகட்டும்.)

முதலில் உங்கள் கணவரிடம் ஒன்று கேளுங்கள். தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது நம் ஆட்கள் எந்தெந்தப் பள்ளிகளைப் பற்றிப் பேசுகிறார்கள்? பெர்கன் கவுண்டி அகாடமீஸ், லின்கிராஃப்டில் உள்ள ஹை டெக்னாலஜி ஹைஸ்கூல், ஸ்காட்ச் பிளெயின்ஸில் யூனியன் கவுண்டி மேக்னட், எடிசன் அகாடமி. இவற்றில் இடம் பிடிக்க ஆறாம் வகுப்பிலிருந்தே டியூஷன் வைக்கிறார்கள். இடம் கிடைத்தால் இனிப்பு கொடுக்கிறார்கள். ஆனால் இந்தப் பள்ளிகள் எல்லாமே கவுண்டித் தொழிற்கல்வி நிர்வாகங்கள் நடத்துபவை. நியூ ஜெர்சியின் 21 கவுண்டிகளுக்கும் ஆளுக்கொரு தொழிற்கல்வி நிர்வாகம் உண்டு. ஹை டெக் ஹைஸ்கூலை நடத்துவது மான்மத் கவுண்டித் தொழிற்கல்வி நிர்வாகம். அதே நிர்வாகம்தான் சாண்டி ஹுக்கில் கடல்சார் அறிவியல் பள்ளி ஒன்றையும் நடத்துகிறது. அங்கே சேரும் பிள்ளைகள் அனைவரும் கடற்படை சார்ந்த மாணவர் பயிற்சியில், அதாவது நம்மூர் என்.சி.சி. போன்ற ஒன்றில், இருந்தாக வேண்டும். ஆக "ஐ.டி.ஐ." என்று அவர் தள்ளுவதும், அண்டை வீட்டார் பிள்ளைக்குக் கிடைத்துவிட்டதே என்று பொருமுவதும் சட்டப்படி ஒரே வகைப் பள்ளி.

அதற்காக அவர் பயத்தில் அர்த்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தொழிற்கல்வி என்ற சொல்லுக்கு அமெரிக்காவிலும் ஒரு கறை உண்டு, நம் ஊரிலும் உண்டு. இரண்டையும் தெரிந்துகொண்டால்தான் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும், எதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை என்பது பிடிபடும்.

அமெரிக்காவில் இதற்கு நடுவண் அரசுப் பணம் வரத் தொடங்கியது 1917-இல், ஸ்மித்-ஹியூஸ் சட்டம் மூலம். விவசாயம், தொழிற்சாலை வேலைகள், வீட்டு அறிவியல் என்று தொடங்கினார்கள். அப்போதே கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி போன்றவர்கள், பொதுக் கல்வியையும் தொழிற்கல்வியையும் இரண்டு தனித்தனிப் பாதைகளாகப் பிரித்தால் ஏழை வீட்டுப் பிள்ளையை ஏழை வேலைக்கே தயார் செய்ததாகிவிடும் என்று எதிர்த்தார்கள். நடந்ததும் பெரும்பாலும் அதுதான். கறுப்பினப் பிள்ளைகளும் புதிதாகக் குடியேறியவர்களின் பிள்ளைகளும் "உனக்குக் கல்லூரி ஒத்துவராது" என்று பட்டறைப் பக்கம் தள்ளப்பட்டார்கள். விவசாயம் படிக்கும் மாணவர்களுக்காக 1928-இல் தொடங்கிய எஃப்.எஃப்.ஏ. அமைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கு மாநிலங்களில் கறுப்பின மாணவர்களுக்கு என்.எஃப்.ஏ. என்று தனி அமைப்பு இருந்தது. 1965-இல்தான் இரண்டையும் இணைத்தார்கள். பெண் பிள்ளைகளை உறுப்பினராகச் சேர்த்தது 1969-இல்.

நம் பக்கத்துக் கறை உங்கள் கணவருக்கே தெரிந்திருக்கும். 1953-இல் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வாங்கி, பெரும் எதிர்ப்பைச் சந்தித்து, 1954-இல் காமராஜர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. "அரை நாள் படிப்பு, அரை நாள் தொழில்" என்ற ஏற்பாட்டைக் கேட்டதுமே தமிழனுக்கு உள்ளுக்குள் ஏதோ சுருக்கென்று தைப்பது அதனால்தான். இங்கேயும் வோ-டெக் பள்ளிகளில் அரை நாள் ஏற்பாடு ஒன்று உண்டு. காலையில் ஊர்ப் பள்ளியில் கணக்கும் ஆங்கிலமும், மதியம் பேருந்தில் ஏறி வோ-டெக்கில் வெல்டிங்கோ சமையற்கலையோ. ஆனால் எந்தத் தொழில் என்பதை அப்பாவின் தொழிலோ சாதியோ முடிவு செய்வதில்லை. பிள்ளை விண்ணப்பிக்கிறாள், பிடிக்காவிட்டால் விலகுகிறாள். குலக்கல்வியில் உறுத்திய இடம் அப்பன் தொழில் என்பதுதான். அரை நாளாக இருந்தது அதற்குப் பிறகுதான் வருகிறது.

நானும் இந்த விஷயத்தில் நடுநிலையானவன் இல்லை, சொல்லிவிடுகிறேன். பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். ஃபிட்டிங் ஷாப்பில் முதல் சில மாதங்கள் இரும்புத் துண்டை அரத்தால் ராவியதுதான் பாடம். ராவி முடித்ததும் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடிப்பார் ஆசிரியர். இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் திரும்ப ராவ வேண்டும். பிறகு நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ.யில் சேர்ந்து, வேலைக்குப் போய், இங்கே வந்து சேர்ந்தேன். கல்யாணப் பேச்சு நடந்தபோது பெண் வீட்டில் ஒருவர் "முதல்ல டிப்ளமோவா?" என்று இழுத்த இழுப்பு இன்னும் காதில் இருக்கிறது. சில வருடங்களாக இங்கே மாணவர் போட்டிகளுக்குத் தன்னார்வ நடுவராகப் போகிறேன். அதனால் இதை இரண்டு பக்கத்திலிருந்தும் கொஞ்சம் பார்த்திருக்கிறேன்.

சரி, இன்றைக்கு சி.டி.இ. என்றால் என்ன? பழைய "வொக்கேஷனல்" என்ற சொல்லை நடுவண் சட்டம் 2006-இல் கைவிட்டு, "கரியர் அண்ட் டெக்னிகல் எஜுகேஷன்" என்று மாற்றியது. கென்டக்கியைச் சேர்ந்த கார்ல் பெர்கின்ஸ் என்ற காங்கிரஸ் உறுப்பினரின் பெயரில் 1984-இல் வந்த சட்டம் இது. கடைசியாகப் புதுப்பித்தது 2018-இல். இதன் வழியாக மாநிலங்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 140 கோடி டாலர் போகிறது. பெயர் மாறியதால் மட்டும் எதுவும் மாறவில்லை. மாறியது பாடத்தின் அமைப்பு. முன்பு ஒரு பையன் ஒரு வருடம் மரவேலை, மறு வருடம் கார் பழுதுபார்ப்பு என்று மேய்ந்துவிட்டுப் போகலாம். இப்போது ஒரே துறையில் ஒன்றன் மேல் ஒன்றாகப் பாடங்கள் அடுக்கப்பட்டிருக்க வேண்டும். குறைந்தது இரண்டு பாடங்களை ஒரே தொடரில் முடித்தவரைத்தான் "கான்சன்ட்ரேட்டர்" என்று சட்டம் எண்ணிக்கையில் சேர்க்கிறது. தொடரின் முடிவில் கல்லூரிக் கிரெடிட்டோ தொழில்துறைச் சான்றிதழோ கிடைக்கும்படி பள்ளிகள் ஏற்பாடு செய்கின்றன. துறைகளும் வெல்டிங்கோடு நிற்பதில்லை. உயிரி மருத்துவம், சைபர் பாதுகாப்பு, பொறியியல் வரைவு, நிதி, ஆசிரியர் பயிற்சி எல்லாமே இந்தக் குடைக்குள் வந்துவிட்டன. உங்கள் ஊர்ப் பள்ளியில் "பிராஜெக்ட் லீட் தி வே" என்று பொறியியல் பாடங்கள் இருந்தால், அவையும் பெரும்பாலும் சி.டி.இ. கணக்கில்தான் இருக்கும். பிள்ளைகளுக்கே அது தெரியாது.

மாநிலத்துக்கு மாநிலம் ஏற்பாடு மாறும். டெக்சாஸில் 2013-இல் வந்த சட்டப்படி ஒன்பதாம் வகுப்பிலேயே எல்லாப் பிள்ளைகளும் ஒரு துறைச் சார்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாசசூசெட்ஸில் தொழிற்பள்ளிகள் ஒரு வாரம் வகுப்பறை, அடுத்த வாரம் முழுக்கப் பட்டறை என்று மாற்றி மாற்றி நடத்துகின்றன. ஒன்பதாம் வகுப்பில் எல்லாப் பட்டறைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் துறையைத் தேர்ந்தெடுப்பார்கள். அப்படியொரு பள்ளியான வூஸ்டர் டெக்னிகல் ஹைஸ்கூலின் பட்டமளிப்புக்கு 2014-இல் அதிபர் ஒபாமாவே போய்ப் பேசினார். அந்தச் சுற்றிப் பார்க்கும் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. பதினான்கு வயதில் எது பிடிக்கும் என்று தெரிவதைவிட, எது பிடிக்காது என்று தெரிவது பெரிய லாபம்.

இனிப் போட்டிகள். நீங்கள் ஹோசாவைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் அது ஒரு குடும்பத்தில் ஒருத்தி. சி.டி.இ. பாடத்தோடு சேர்ந்து இயங்கும் மாணவர் அமைப்புகள் பல. விவசாயத்துக்கு எஃப்.எஃப்.ஏ., வணிகத்துக்கு டெக்கா, எஃப்.பி.எல்.ஏ., தொழில்நுட்பத்துக்கு டி.எஸ்.ஏ., கைத்தொழில்களுக்கு ஸ்கில்ஸ் யு.எஸ்.ஏ., உடல்நலத்துக்கு ஹோசா. எல்லாவற்றுக்கும் உள்ளூர், மாநிலம், தேசியம் என்று படிகள் உண்டு. நம் பிள்ளைகளிடையே பிரபலமான ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் இந்தக் குடும்பத்தில் சேராது, அது தனி. டெக்காவிலும் எஃப்.பி.எல்.ஏ.விலும் நம் பிள்ளைகள் குவிந்து கிடக்கிறார்கள். எஃப்.எஃப்.ஏ. பக்கம் தேடினாலும் கிடைக்க மாட்டார்கள். பத்து லட்சம் உறுப்பினர்களைத் தொடும் அமைப்பு அது, நீலக் கார்டுராய் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வருவார்கள். அதில் மண் மதிப்பீட்டுப் போட்டி என்று ஒன்று உண்டு. வயலில் வெட்டிய குழிக்குள் பிள்ளை இறங்கி, ஈர மண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துப் பட்டையாகப் பிதுக்குவாள். பட்டை எவ்வளவு நீளம் உடையாமல் வருகிறது என்பதை வைத்துக் களிமண் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். என் தாத்தா வரப்பில் உட்கார்ந்து செய்ததுதான். இங்கே அதற்கு மதிப்பெண் தாளும் கோப்பையும் இருக்கின்றன.

டெக்கா வேறு மாதிரி. தனிநபர் பிரிவில் ஒரு பக்கத்தில் ஒரு சூழ்நிலையைக் கொடுப்பார்கள். "நீ இந்த ஓட்டலின் உதவி மேலாளர், விருந்தினர்கள் இப்படிப் புகார் சொல்கிறார்கள், மேலாளரிடம் திட்டம் சொல்" என்பது போல. தயாராகப் பத்து நிமிடம், மேலாளராக நடிக்கும் நடுவர் முன்னால் பேசப் பத்து நிமிடம். அதோடு நூறு கேள்விகள் கொண்ட எழுத்துத் தேர்வும் உண்டு. பேச்சுக் கூச்சம் உள்ள பிள்ளைக்கு இது நல்ல மருந்து. ஆனால் கோட்டு மாட்டிய பதினைந்து வயதுப் பிள்ளைகள் வரிசையாக வந்து ஒரே சொற்களை ஒரே ஏற்ற இறக்கத்தில் சொல்வதைக் கேட்டால் நடுவருக்குக் கொட்டாவி வரும். என் ரசனைக்கு, கை வேலை செய்யும் போட்டிகளே மேல்.

அதில் ஸ்கில்ஸ் யு.எஸ்.ஏ.வை மிஞ்ச ஆளில்லை. 1965-இல் வி.ஐ.சி.ஏ. என்ற பெயரில் தொடங்கியது. இப்போது தேசியப் போட்டி அட்லாண்டாவில் நடக்கிறது, நூறுக்கும் மேற்பட்ட பிரிவுகளில். வெல்டிங், தச்சு, குழாய் வேலை, கார் பழுது, முடிதிருத்தம், பேக்கரி, சி.என்.சி. (கணினி இயக்கும் கடைசல் வேலை) என்று ஒரு பெரிய கண்காட்சி மண்டபமே பட்டறையாகிவிடும். நான்கு பேர் குழுவாகச் சேர்ந்து சில நாட்களில் ஒரு வீட்டுப் பகுதியைத் தச்சு, குழாய், மின்சாரம் எல்லாம் சேர்த்துக் கட்டும் போட்டி ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டும். முதல் நாள் வரைபடத்தைத் தப்பாகப் படித்த குழு மறுநாள் அடித்த ஆணியையெல்லாம் பிடுங்கிக்கொண்டிருக்கும். ஒருவரும் கத்த மாட்டார்கள், ஏனென்றால் கத்தினால் நேரம் போகும். நான் நடுவராக இருந்த ஒரு சிறிய மாநில அளவிலான போட்டியில், ஒரு பெண் தன் அளவு இரண்டு மில்லிமீட்டர் தப்பு என்று கண்டுபிடித்து, மணி அடிக்க ஏழு நிமிடம் இருக்கும்போது துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வெட்டத் தொடங்கினாள். முடிக்கவில்லை. மதிப்பெண் தாளில் அவளுக்குக் கொடுக்க எனக்கு ஒரு கட்டமும் இல்லை. எங்கள் ஃபிட்டிங் ஷாப் ஆசிரியராக இருந்தால் அவளைத் தோளில் தட்டியிருப்பார்.

ஹோசாவுக்கு வருகிறேன், உங்கள் மகளுக்கு வேண்டியது அதுதானே. 1976-இல் தொடங்கிய அமைப்பு. இங்கே இரண்டு வகைப் போட்டிகள் இருப்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் வகை எழுத்துத் தேர்வு மட்டும். மருத்துவச் சொற்கள், உடற்கூறு போன்றவை. மனப்பாடத்தில் நம் பிள்ளைகளை அடித்துக்கொள்ள ஆளில்லை, அதனால் நம் பெற்றோர் இந்தப் பக்கமே தள்ளுவார்கள். இரண்டாவது வகை செய்முறை. முதலில் எழுத்துத் தேர்வு வடிகட்டும், அதில் தேறியவர்கள் நோயாளியாக நடிப்பவர் முன்னால் அல்லது பொம்மையின் முன்னால் செய்து காட்ட வேண்டும். நடுவர் கையில் படிப்படியாக எழுதிய தாள் இருக்கும். கை கழுவினாளா, தன் பெயரைச் சொன்னாளா, செய்யப்போவதை நோயாளிக்கு விளக்கினாளா, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். சி.பி.ஆர். முதலுதவிப் பிரிவில் இருவர் சேர்ந்து போட்டியிடுவார்கள். நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களானால் குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்த வேண்டும். இரண்டு நிமிடம் ஒழுங்காக அழுத்திப் பாருங்கள், மூச்சு வாங்கும். டாக்டராக வேண்டும் என்று சொல்லும் பிள்ளையை இந்த இரண்டாவது வகையில் விடுங்கள். ஒரு மனித உடம்பைத் தொடுவது அவளுக்குப் பிடிக்கிறதா, குமட்டுகிறதா என்று பதினைந்து வயதிலேயே தெரிந்துவிடும். இதை எந்த எழுத்துத் தேர்வும் சொல்லாது.

கல்லூரி அனுமதிக்கு உதவுமா? நேர்மையான பதில்: நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. தேசிய அளவில் மேடையேறினால் கவனிப்பார்கள். மாநில அளவில் "இறுதிச் சுற்றுக்குத் தகுதி" என்பது இங்கே நம் தெருவில் நான்கு வீட்டில் இருக்கும் தகுதி. மருத்துவக் கல்லூரி என்பது இந்த நாட்டில் நான்கு வருடப் பட்டத்துக்குப் பிறகு, எம்கேட் என்ற நுழைவுத் தேர்வை எழுதிச் சேர்வது. அவர்கள் ஹைஸ்கூல் கோப்பையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பள்ளியிலிருந்து நேராகச் சேரும் பி.எஸ்.-எம்.டி. திட்டங்கள் சில உண்டு, அவை மட்டும் பிள்ளை நோயாளிகளுக்கு அருகில் இருந்திருக்கிறாளா என்று பார்க்கும். அங்கேயும் கோப்பையைவிட, முதியோர் இல்லத்தில் நர்சிங் உதவியாளராக வேலை செய்தேன் என்பது பேசும். அந்தச் சான்றிதழுக்கான பயிற்சி நடுவண் விதிப்படி குறைந்தது 75 மணி நேரம், மாநிலங்கள் கூடுதலாகவும் கேட்கும். பல உடல்நலப் பிரிவுகள் அதைப் பள்ளியிலேயே முடித்துவைக்கின்றன. படுக்கையில் இருக்கும் தாத்தாவுக்குப் பல் துலக்கிவிட்ட பிள்ளைக்கு நேர்முகத் தேர்வில் சொல்வதற்குத் தானாகவே கதை இருக்கும்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். உறுப்பினர் கட்டணம் சொற்பம். தேசியப் போட்டி என்றால் விமானம், ஓட்டல், பதிவுக் கட்டணம், அந்த அமைப்பின் கோட்டு என்று ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும். பள்ளி எவ்வளவு ஏற்கும் என்று முதலிலேயே கேளுங்கள். தகுதி பெற்ற பிறகு கேட்டால் பிள்ளையின் முகத்தைப் பார்த்து "வேண்டாம்" என்று சொல்ல முடியாது.

இன்னொரு பொறி இருக்கிறது, இதில்தான் பெற்றோர் கோட்டை விடுகிறார்கள். ஹைஸ்கூல் நாளில் இருப்பது ஏழெட்டுப் பிரியட். சி.டி.இ. தொடர் தினமும் ஒன்றோ இரண்டோ எடுத்துக்கொள்ளும். எங்கேயோ ஒன்று கழிய வேண்டும். பெரும்பாலும் கழிவது மூன்றாம் ஆண்டு ஸ்பானிஷ், இல்லாவிட்டால் இயற்பியல். நல்ல கல்லூரிகள் கணக்கு, அறிவியல், ஆங்கிலம், வெளிநாட்டு மொழி வரிசை முழுதாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கும். மேலும், பல பள்ளிகளில் சி.டி.இ. பாடத்துக்கு, கல்லூரித் தரத்தில் நடத்தும் ஏ.பி. பாடம்போல் கூடுதல் எடை கிடையாது, அதனால் ஜி.பி.ஏ. என்ற மதிப்பெண் சராசரி கொஞ்சம் சறுக்கும். முழுநேர வோ-டெக் அகாடமியில் இந்தப் பிரச்சினை குறைவு, பாடத்திட்டத்தையே துறைக்கு ஏற்ப நெய்திருப்பார்கள். ஊர்ப் பள்ளியில் எடுப்பதானால் நான்கு வருட அட்டவணையை இப்போதே கவுன்சிலரோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள்.

இதெல்லாம் பிள்ளைகளுக்கு நிஜமாகவே நன்மை செய்கிறதா என்று ஆய்ந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் 1990-களில் ஒன்பது பள்ளிகளின் கரியர் அகாடமிகளுக்கு (ஒரு தொழில்துறையை மையமாக வைத்துப் பள்ளிக்குள்ளேயே நடக்கும் சிறு பிரிவுகள்) விண்ணப்பித்த பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பள்ளி முடித்து எட்டு வருடம் வரை தொடர்ந்து பார்த்தது. அகாடமியில் இடம் கிடைத்த குழு சராசரியாக ஆண்டுக்கு 11 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தது. ஆண்களுக்குப் பலன் இன்னும் அதிகம், பெண்களுக்குக் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கல்லூரிப் படிப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கனெக்டிகட் மாநிலத்தின் தொழில்நுட்பப் பள்ளிகளை ஆராய்ந்தவர்களும் கிட்டத்தட்ட இதையே கண்டார்கள். ஆண் பிள்ளைகள் பள்ளியை முடிக்கும் விகிதமும் வருமானமும் கூடின, பெண்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. உங்கள் கணவருக்கு இதில் ஒரு ஆறுதல் உண்டு: தொழிற்கல்வி எடுத்தால் கல்லூரி போய்விடும் என்ற பயத்துக்கு எம்.டி.ஆர்.சி. ஆய்வில் ஆதாரமில்லை. உங்களுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு: பெண் பிள்ளைக்கு இது ஒரு மந்திரக்கோல் என்று நினைத்துவிடாதீர்கள். பெண்கள் அதிகம் சேரும் பிரிவுகள் சம்பளம் குறைந்த வேலைகளுக்கே கொண்டுபோகின்றனவோ என்பது என் சந்தேகம். நர்சிங் உதவியாளர் சான்றிதழ் நல்ல முதல் படி. அதிலேயே உட்கார்ந்துவிட்டால் முதுகுவலியும் குறைந்த கூலியும்தான் மிச்சம். எலக்ட்ரீஷியன் படிப்பில் அப்படி இல்லை. அவர்களுடைய சராசரிச் சம்பளம் ஆண்டுக்கு 60,000 டாலரைத் தாண்டுகிறது. அந்தப் பட்டறையில் பெண்களை எண்ண ஒரு கை விரல் போதும்.

எல்லாவற்றையும்விட, பாடம் நடத்துபவர் யார் என்பதுதான் தீர்மானிக்கும். எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவன் ரொம்ப ஆசையாக ஒரு பொறியியல் பிரிவில் சேர்ந்தான். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். நடத்திய ஆசிரியர் இரண்டாம் வருடம் கம்பெனி வேலைக்குத் திரும்பிவிட்டார், அங்கே சம்பளம் அதிகம். அதன் பிறகு வந்த தற்காலிக ஆசிரியருக்கு லேத்தை இயக்கத் தெரியாது. பாதுகாப்புக் காரணம் சொல்லி மிஷினுக்கெல்லாம் உறை போட்டுவிட்டார்கள். ஒன்றரை வருடம் பிள்ளைகள் வீடியோ பார்த்தார்கள். சுவரில் மட்டும் பழைய கோப்பைகள் பளபளவென்று இருந்தன.

அதனால் பள்ளியைச் சுற்றிப் பார்க்க அழைக்கும் ஓப்பன் ஹவுஸுக்குப் போகும்போது கோப்பை அலமாரியைத் தாண்டி உள்ளே போங்கள். உடல்நலப் பிரிவுக் கூடத்தில் படுக்கையும் பொம்மையும் இருக்கும். பொம்மையின் நெஞ்சு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், புத்தம் புதிதாக இருந்தால் யாரும் தொடவில்லை என்று அர்த்தம். ஆசிரியர் முன்பு நர்ஸாகவோ டெக்னீஷியனாகவோ இருந்தவரா, எத்தனை வருடமாக இங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். மருத்துவமனைக்கோ முதியோர் இல்லத்துக்கோ பிள்ளைகளை நிஜமாகவே அழைத்துப் போகிறார்களா, எத்தனை மணி நேரம், என்ன வண்டியில்? என்ன சான்றிதழ், அதை வைத்து யாராவது வேலைக்கு எடுத்திருக்கிறார்களா? ஆபீஸ் சாஃப்ட்வேர் தெரியும் என்ற சான்றிதழைப் பெரிதாகக் காட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். முதல் வருடம் முடித்துப் பிடிக்கவில்லை என்றால் ஊர்ப் பள்ளிக்குத் திரும்பும்போது எந்தக் கிரெடிட் வீணாகும் என்பதையும் கேட்டுவிடுங்கள். வழிகாட்டியாக வரும் மூத்த மாணவியை ஆசிரியர் இல்லாத இடத்தில் பிடித்து, போன வாரம் கூடத்தில் என்ன செய்தாய் என்று கேளுங்கள். அவள் யோசிக்காமல் பதில் சொன்னால் நல்ல பள்ளி.

உங்கள் இடத்தில் இருந்தால் நான் வோ-டெக்குக்கும் விண்ணப்பிப்பேன், ஊர்ப் பள்ளியையும் கையில் வைத்துக்கொள்வேன். இடம் கிடைத்தால் போய்ச் சேருவதா வேண்டாமா என்பதை அப்போது பேசலாம், விண்ணப்பித்ததால் எதுவும் கெட்டுவிடாது. கவுண்டிப் பள்ளிகளின் விண்ணப்பங்கள் இலையுதிர் காலத்திலேயே திறந்து சீக்கிரம் மூடிவிடும். குளிர் விடுமுறைக்கு ஊருக்குப் போய்வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால் அப்புறம் அடுத்த வருடம் வரை ஒன்றும் செய்ய முடியாது. ஓப்பன் ஹவுஸுக்கு உங்கள் கணவரையும் கட்டாயம் அழைத்துப் போங்கள். நம் ஆட்கள் கூட்டத்தைப் பார்த்ததும் "ஐ.டி.ஐ." என்ற சொல்லை அவரே வாபஸ் வாங்கிவிடுவார். அரை மணி முன்னாலேயே கிளம்புங்கள், காரை நிறுத்த இடம் கிடைக்காது.